குவாசுலு-நட்டால் பூங்காக்களுக்குக் குடும்பத்தோடு போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் நம் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் கடற்கரை, கோயில், உறவினர் வீடு, மால் இவ்வளவுதான் நினைவுக்கு வருகிறது. சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ இருந்து காலையில் கிளம்பினால், மூன்றரை மணி நேரத்தில் காண்டாமிருகம் மேயும் புல்வெளிக்குப் போய்விடலாம். மேற்கே திரும்பினால் ஏறக்குறைய அதே நேரத்தில் மூவாயிரம் மீட்டர் மலைச்சுவரின் அடிவாரம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பல வீடுகளில் மூன்று தலைமுறையாக யாரும் போனதில்லை.

இதற்குச் சோம்பல் காரணமல்ல. 1953-ம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் பொது இடங்களை நிறம் பார்த்துப் பிரித்தது. அது 1990-ல்தான் நீக்கப்பட்டது. நல்ல தங்குமிடமெல்லாம் வெள்ளையருக்கு என்று இருந்த காலத்தில் வளர்ந்த தாத்தா, ஆயாக்களுக்குக் கூடாரம் அடிக்கவும் மலை ஏறவும் யாரும் சொல்லித் தரவில்லை. அவர்களிடம் இல்லாத பழக்கம் பிள்ளைகளுக்கு எப்படி வரும்? 1860-ல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து இறங்கியவர்களின் வழிவந்தவர்கள் இந்த மண்ணைக் கரும்புத் தோட்டமாக மட்டுமே அறிந்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. அதனால்தான், முதல் முறை போகிறவர்களை மனதில் வைத்து இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கும் இது உதவும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஒரு பயணத்துக்கு ஒரே பூங்கா, அதில் குறைந்தது இரண்டு இரவு. மூன்று நாளில் நான்கு இடம் பார்க்கிற திட்டத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வண்டியின் கண்ணாடி வழியாக நெடுஞ்சாலையைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் மிச்சமாகும்.

எந்தப் பூங்கா யார் நிர்வாகத்தில்

தென்னாப்பிரிக்காவில் தேசியப் பூங்காக்கள் ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. க்ரூகர் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. நம் மாகாணத்துப் பூங்காக்களில் பெரும்பாலானவற்றை மாகாண அரசின் எசெம்வேலோ கே.இசட்.என். வைல்ட்லைஃப் நடத்துகிறது. ராயல் நட்டால் என்பதன் பெயரில் தேசியப் பூங்கா என்று இருந்தாலும் அதுவும் எசெம்வேலோவின் கீழ்தான். தங்குமிடம் தேடும்போது தேசியப் பூங்காக்களின் தளத்தில் தேடிவிட்டு "இடமே காட்டவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய. இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவுக்குத் தனி ஆணையம் உண்டு. அதனால் அங்கே நுழைவுக் கட்டணம் வாங்கும் விதமும் வேறு.

எப்போது போவது

விலங்கு பார்க்க மே முதல் செப்டம்பர் வரை. அது வறண்ட காலம். புல் தாழ்ந்து, புதர்கள் இலை உதிர்த்து, குட்டைகள் வற்றிப்போவதால் விலங்குகள் ஆற்றையும் மிஞ்சிய நீர்நிலைகளையும் தேடி வரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை எல்லாம் பச்சை. குட்டிகள் நிறைய இருக்கும், பறவைகளும் அதிகம். ஆனால் புல் ஆளுயரம் நிற்கும். பத்தடி தள்ளி எருமை படுத்திருந்தாலும் தெரியாது. வெயிலும் புழுக்கமும் குழந்தைகளை வாட்டும்.

மலைக்கு ஏப்ரல், மே மாதங்கள்தான் என் விருப்பம். மழை ஓய்ந்து வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், குளிரும் இன்னும் கடுமையாகியிருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், உச்சிகளில் பனி விழும். கோடையில் மதியம் இரண்டு மணிக்கு மேல் இடி மின்னல் ஏறக்குறைய நிச்சயம்.

பள்ளி விடுமுறையில், முக்கியமாக டிசம்பர் கடைசியில், எல்லா இடமும் நிரம்பி வழியும். ஜூன், ஜூலை விடுமுறைக்குப் பல மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டும். ஆடியில் கஞ்சி ஊற்றுவது, புரட்டாசி விரதம், தை மாதக் காவடி என்று நம் வீட்டுக் காலண்டர் ஒன்று தனியாக ஓடுகிறது அல்லவா, அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி பாருங்கள். புரட்டாசி பெரும்பாலும் செப்டம்பர் பின்பாதியில் தொடங்குவதால் பூங்காவுக்கு அருமையான காலத்தோடு சேர்ந்து வரும். விரதத்தில் இருப்பவர்கள் இதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். சாப்பாட்டுப் பகுதியில் அதற்கு வழி சொல்கிறேன்.

வீட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

காட்டுக்கே போகாத குடும்பம் முதல் தடவையே நீண்ட தூரம் கிளம்ப வேண்டாம். சாட்ஸ்வொர்த்காரர்களுக்கு யெல்லோவுட் பார்க்கில் கென்னத் ஸ்டெயின்பேங்க் காப்பகம் கூப்பிடு தூரம். வரிக்குதிரையும் மான்களும் அங்கே உண்டு, கொடிய விலங்கு இல்லாததால் நடந்தே சுற்றலாம். குழந்தைகள் எவ்வளவு நேரம் நடப்பார்கள், யார் எப்போது பசி என்பார்கள், எந்தச் செருப்பு காலைக் கடிக்கிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது க்ளூஃபில் இருக்கும் க்ரான்ட்ஸ்க்ளூஃப். நகரத்தை ஒட்டியே இப்படியொரு ஆழமான பள்ளத்தாக்கா என்று முதல் முறை பார்ப்பவர்கள் திகைத்துப் போவார்கள். மேலிருந்து அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்ப அரை மணி போதும். பள்ளத்தாக்குக்குள் இறங்கி ஏறுவதென்றால் அரை நாள் ஒதுக்குங்கள், மூட்டுவலிக்காரர்களை அழைத்துப் போக வேண்டாம். தண்ணீரில் இறங்காதீர்கள். நகரத்து ஓடைகளின் நீர் சுத்தமானதில்லை. நான்கைந்து பேராகப் போங்கள், பைகளை வண்டிக்குள் கண்ணில் படும்படி வைக்காதீர்கள்.

தெற்கே போர்ட் ஷெப்ஸ்டன் அருகில் ஒரிபி கார்ஜ், வடக்கே முதுன்சினியில் உம்லலாசி ஆகியவையும் ஒருநாள் பயணத்துக்கு ஏற்றவை. உம்லலாசியில் அலையாத்திக் காட்டுக்குள் நடைபாதை இருக்கிறது. அந்த ஊரின் ராஃபியா பனைகளை நம்பி வாழும் பனங்கழுகையும் பார்க்கலாம்.

இடம் பிடிப்பதும் பணமும்

பகலில் போய்ப் பகலிலேயே திரும்புவதானால் பெரும்பாலான பூங்காக்களுக்கு முன்பதிவு தேவையில்லை. வாயிலில் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தினால் போதும். தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்குக் குறைந்த கட்டணம், வெளிநாட்டவருக்கு அதிகம். அதனால் எல்லோருடைய அடையாள அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை இல்லையென்றால் அதிகக் கட்டணம் கேட்கலாம், அதற்கு வாயில் ஊழியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அடிக்கடி போக நினைப்பவர்கள் எசெம்வேலோவின் ரைனோ கார்டு என்னும் ஆண்டு அட்டையைப் பற்றி விசாரியுங்கள். வங்கி அட்டை, கொஞ்சம் ரொக்கம் இரண்டும் கையில் இருக்கட்டும். காட்டுக்குள் சிக்னல் போய்விட்டால் அட்டை இயந்திரம் வேலை செய்யாது.

தங்குவதற்கு எசெம்வேலோவின் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். சமையலறையோடு கூடிய வீடுகள், சிறிய குடில்கள், நிலையான கூடாரங்கள், சொந்தக் கூடாரம் அடிக்கும் மைதானம் என்று பல வகை உண்டு. வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் குளியலறை அறையோடு ஒட்டியிருக்கிறதா, படிக்கட்டு உண்டா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வனக்காவலரோடு நடப்பது, இரவு சவாரி போன்றவற்றை முகாம் அலுவலகத்தில் பேசி ஏற்பாடு செய்ய வேண்டும். நடைக்குச் சிறு குழந்தைகளைச் சேர்ப்பதில்லை, வயது வரம்பை முன்கூட்டியே கேளுங்கள்.

வண்டியும் சாப்பாடும்

சாதாரண கார் போதும். பெரிய பூங்காக்களின் முக்கியச் சாலைகள் தார் அல்லது கெட்டியான மண் சாலை. மழைக்குப் பிறகு மட்டும் கிளைச்சாலைகளைத் தவிருங்கள். மாற்றுச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். கடைசி ஊரில் பெட்ரோல் நிரப்புங்கள். வடக்கே போனால் அது முதுபதுபா. வழியில் சுங்கச் சாவடிகள் உண்டு: என்2-ல் டோங்காட், ம்வோட்டி, முதுன்சினி, என்3-ல் மரியன்ஹில், மூய் ரிவர். பொழுது சாய்ந்தபின் நாட்டுப்புறச் சாலையில் ஓட்டாதீர்கள். மாடு, ஆடு, மனிதர் எல்லோரும் சாலையில் இருப்பார்கள். வாயில் மூடும் நேரத்துக்கு ஒரு மணி முன்பே முகாமில் இருக்கும்படி கிளம்புங்கள்.

முகாம் கடைகளில் விறகும் குளிர்பானமும் கிடைக்கும், நம் சமையலுக்கு வேண்டியது கிடைக்காது. மசாலா, கறிவேப்பிலை, பருப்பு, அரிசி எல்லாம் வீட்டிலிருந்தே போகட்டும். முதல் நாளுக்கு ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும், இல்லையென்றால் புளிச்சோறும் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் மாலை ப்ராய் அடுப்பு, அதாவது திறந்தவெளியில் இறைச்சி சுடும் அடுப்பு, மூட்டலாம். விரதம் இருப்பவர்கள் ஒரு தனிச் சட்டியும் கரண்டியும் கொண்டு போகவேண்டும். முகாம் பாத்திரத்தில் நேற்று வேறொருவர் இறைச்சி சமைத்திருப்பார். அதே அடுப்பு நெருப்பில் கத்தரிக்காயைச் சுட்டு, தோல் உரித்து, பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து சோற்றோடு சாப்பிடுவது ப்ராய்க் கறிக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

குரங்கு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஐந்து நிமிடம் போனால்கூட ரொட்டி போய்விடும். குழந்தைகள் ஆசைப்பட்டாலும் ஒரு கடலைகூடக் கொடுக்கக் கூடாது. மனிதர் கையில் தின்று பழகிய குரங்கு கடிக்கத் தொடங்கும், கடைசியில் அதைக் கொன்றுவிடுவார்கள்.

இன்னொன்று. ஆற்றங்கரையைக் கண்டால் கற்பூரம் ஏற்றிக் கும்பிடத் தோன்றுவது நம் வழக்கம். மலையிலும் புல்வெளியிலும் குளிர்காலத்தில் இதைச் செய்யவே கூடாது. ஒரு பொறி போதும், காற்றில் மலைச்சரிவே எரிந்துவிடும். கைகூப்பி வணங்குங்கள். பூ, தேங்காய், துணி எதையும் நீரில் விடாமல் திரும்ப எடுத்து வாருங்கள்.

ஷ்லுஷ்லுவே-இம்ஃபலோசி: விலங்கு பார்க்கும் இடம்

1895-ல் அறிவிக்கப்பட்ட, ஆப்பிரிக்காவின் மிகப் பழைய காப்பகங்களில் ஒன்று. பரப்பு சுமார் 96,000 ஹெக்டேர். அதற்கும் முன்பு கறுப்பு இம்ஃபலோசி, வெள்ளை இம்ஃபலோசி என்னும் இரண்டு ஆறுகள் கூடும் பகுதி சுலு மன்னர்களின் வேட்டை நிலமாக இருந்தது. தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் ஒரு காலத்தில் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கி இங்கே மட்டும் பிழைத்திருந்தது. 1960-களில் இயன் பிளேயரும் அவருடைய சக காவலர்களும் அவற்றை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, மற்ற காடுகளுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பிப் பெருக்கினார்கள். இன்று உலகில் எங்கே தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்த்தாலும் அதன் வம்சம் அநேகமாக இந்த மண்ணிலிருந்து போனதுதான். இதைப் பிள்ளைகளுக்கு வழியிலேயே சொல்லுங்கள், பார்க்கும் கண் மாறும்.

டர்பனிலிருந்து என்2 வழியாக சுமார் 280 கிலோமீட்டர். முதுபதுபாவில் திரும்பி ஆர்618 சாலையில் போனால் ந்யலசி வாயில். ஷ்லுஷ்லுவே ஊர்ப் பக்கம் மெமோரியல் வாயில், உலுண்டிப் பக்கம் செங்கெனி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை 5 முதல் மாலை 7 வரையும், மற்ற மாதங்களில் 6 முதல் 6 வரையும் வாயில் திறந்திருக்கும். உள்ளே வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. விலங்கு பார்ப்பதற்கு 20, 25 போதும்.

தங்க இரண்டு முக்கிய முகாம்கள். ஹில்டாப் உயரமான குன்றின்மேல் இருக்கிறது, உணவகமும் உண்டு, வயதானவர்களோடு போக அதுதான் சரி. ம்பிலாவுக்கு வேலியே கிடையாது. இரவில் கழுதைப்புலி அடுப்பங்கரை வரை வரும், வெளியே விட்ட உணவுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இருட்டியபின் குழந்தைகள் தனியாக வெளியே போகக்கூடாது, டார்ச் இல்லாமல் பெரியவர்களும்தான். அந்தப் பயத்தையும் மீறி எனக்கு ம்பிலாதான் பிடிக்கும். இரவு படுக்கையில் இருந்தபடியே சிங்கத்தின் முழக்கத்தைக் கேட்க வாய்க்கிற இடம் அது.

சரி, எப்படிப் பார்ப்பது? வாயில் திறக்கும் நேரத்துக்குக் கிளம்புங்கள். விலங்குகள் நடமாடுவது முதல் மூன்று மணி நேரமும் கடைசி இரண்டு மணி நேரமும்தான். நடுப்பகலில் முகாமுக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்குங்கள். வண்டியில் பேச்சைக் குறைத்து, புதரைப் பார்க்காமல் புதரின் ஊடாகப் பாருங்கள். காட்டில் மரம் எல்லாம் செங்குத்தாக நிற்கும். படுக்கைவாட்டில் ஒரு கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் ஏதோ ஒன்றின் முதுகு. காது ஆடுவது, வால் வீசுவது இவைதான் முதலில் கண்ணில் படும். நீர்நிலையைக் கண்டால் எஞ்சினை அணைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா இருங்கள். ஒன்றுமே இல்லை என்று நினைத்த கரையில் முதலில் ஒரு நியாலா மான் வரும், அதன் பின்னால் காட்டுப் பன்றிகள் வாலைக் கொடிக்கம்பம் போல நட்டுக்கொண்டு வரும், அப்புறம் எருமை. இம்ஃபலோசிப் பகுதியில் ஆற்றை ஒட்டிப் போகும் சொன்டுலி சுற்றுச்சாலை இப்படிக் காத்திருக்க நல்ல இடம். இறங்கிக் கால் நீட்ட, அனுமதித்த உணவுத் தலங்களில் மட்டும்தான் முடியும். ஷ்லுஷ்லுவே பக்கம் ஆற்றோரம் இருக்கும் மபுமுலோ அதில் ஒன்று. மற்ற இடங்களில் கதவைத் திறப்பதே தவறு.

இரண்டு வகைக் காண்டாமிருகத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். வெள்ளைக்கு வாய் அகலமாக, வெட்டியது போல் இருக்கும். அது புல் மேய்வது, தலை எப்போதும் தாழ்ந்திருக்கும். கறுப்புக்கு மேல் உதடு கூராக வளைந்திருக்கும், அது தழை தின்பது. வெள்ளைக் காண்டாமிருகத்தின் கன்று தாய்க்கு முன்னால் ஓடும், கறுப்பின் கன்று தாய்க்குப் பின்னால். சாலையோரச் சாணக் குவியலைக்கூட விடாதீர்கள். வண்டியிலிருந்தே பார்த்தாலும் தெரியும்: வெறும் புல் நாராக இருந்தால் வெள்ளை, கத்தரியால் சாய்வாக நறுக்கிய மாதிரி குச்சிகள் கிடந்தால் கறுப்பு.

கொம்பில்லாத காண்டாமிருகத்தைப் பார்த்தால் குழந்தைகள் கேட்பார்கள். கொம்புக்காகக் கொல்லும் திருட்டு வேட்டை இங்கே கடுமையானதால், 2024-ல் பூங்காவே மயக்க ஊசி போட்டுக் கொம்புகளை அறுக்கத் தொடங்கியது. நகத்தைப் போல அது மறுபடி வளரும், வலியில்லை. நீங்கள் செய்யவேண்டிய உதவி ஒன்று உண்டு: காண்டாமிருகத்தின் படத்தை இடக்குறிப்போடு வாட்ஸ்ஆப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போடாதீர்கள். போனில் இடம் பதியும் வசதியை வாயிலிலேயே அணைத்துவிடுங்கள். வேட்டைக்காரர்களும் அதைப் பார்க்கிறார்கள்.

யானை விஷயத்தில் நம் ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை என்று நினைப்பேன், ஆனால் கோயில் யானையைப் பார்த்த பழக்கம் இங்கே உதவாது. சாலை யானையுடையது. தூரத்திலேயே நிறுத்துங்கள், எஞ்சின் ஓடட்டும், பின்னால் போக இடம் விட்டுவையுங்கள். ஹாரன் அடிக்கக் கூடாது. ஆண் யானையின் கன்னத்தில் மதநீர் வழிந்து, பின்னங்கால்களும் சிறுநீரில் நனைந்திருந்தால் அது மதத்தில் இருக்கிறது. அப்போது படம் எடுக்க நிற்காமல் மெதுவாகப் பின்வாங்கிப் போய்விடுங்கள்.

சிங்கம் கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். இந்தக் காட்டில் புதர் அடர்த்தி, சிங்கம் காண்பது அதிர்ஷ்டம். சிங்கமே இல்லாமல் போயிருந்த இந்தக் காட்டுக்கு 1958-ல் ஒரு ஆண் சிங்கம் தானாகவே நடந்து வந்து சேர்ந்தது. பிறகுதான் பெண் சிங்கங்களைக் கொண்டுவந்து விட்டார்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. இம்ஃபலோசியின் தெற்கே சாலையே போடாத பெரும் பகுதி இருக்கிறது. துப்பாக்கியோடு வரும் காவலருடன் சில நாட்கள் நடந்து, இரவில் முறைவைத்து நெருப்புக்குக் காவல் இருக்கும் பயணத்தை அங்கே நடத்துகிறார்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போதே போய்விடுங்கள்.

ட்ராக்கன்ஸ்பர்க்: நடக்கும் இடம்

மலைப்பகுதியை யுனெஸ்கோ 2000-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இதில் பல வாயில்கள், பல முகாம்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் இரண்டைச் சொல்வேன்.

ஒன்று ராயல் நட்டால். 1916-ல் தொடங்கிய பூங்கா, 1947-ல் பிரிட்டிஷ் அரச குடும்பம் வந்துபோன பின் பெயரில் 'ராயல்' சேர்ந்தது. ஆம்ஃபிதியேட்டர் என்னும் சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளப் பாறைச்சுவர் கண்முன் நிற்கும். அதன் உச்சியிலிருந்து துகேலா அருவி ஐந்து தாவல்களில் விழுகிறது. மொத்த உயரம் 948 மீட்டர், உலகின் மிக உயர்ந்த அருவிகளில் ஒன்று. குளிர்காலத்தில் நீர் குறைந்து வெள்ளைக் கோடாகவோ உறைந்த பட்டையாகவோ தெரியும். நன்றாக ஓடுவதைப் பார்க்க மழைக்காலக் கடைசிதான் பொருத்தம். தெண்டேலே முகாமில் இடம் கிடைத்தால் விடாதீர்கள், அங்கே ஜன்னலைத் திறந்தாலே அந்தச் சுவர்தான்.

துகேலா கார்ஜ் நடை போய்வர சுமார் 14 கிலோமீட்டர், ஐந்து ஆறு மணி நேரம். பாதை முதலில் ஆற்றை ஒட்டி, புரோட்டியா மரங்கள் நிற்கும் புல்சரிவில் சமமாகப் போகும். இடையிடையே நிழல் காடு வரும். கடைசிப் பகுதிதான் கடினம்: பாறை பாறையாகத் தாண்டவேண்டும், ஆற்றையும் கடக்கவேண்டும். காலை ஏழு மணிக்குள் கிளம்பி, எங்கே இருந்தாலும் நண்பகலில் திரும்புங்கள். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வரும். சுவரின்மேல் கருமேகம் கூடினால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். ஆயா, தாத்தாக்களுக்கு மஹாய் முகாம் பக்கத்தில் கேஸ்கேட்ஸ் வரை சின்ன நடை இருக்கிறது. ஒரு பாயும் காப்பி ஃப்ளாஸ்கும் இருந்தால் காலை முழுக்க அங்கே உட்காரலாம்.

கிளம்புமுன் மலைப் பதிவேட்டில் எழுதவேண்டும்: எத்தனை பேர், எந்தப் பாதை, எப்போது திரும்புவோம், வீட்டுத் தொடர்பு எண். திரும்பியதும் கையெழுத்துப் போட மறக்காதீர்கள். எழுதாமல் போனால் நீங்கள் வராததே யாருக்கும் தெரியாது, எழுதிவிட்டுத் திரும்பியதைச் சொல்லாமல் போனால் மீட்புக் குழு இருட்டில் உங்களைத் தேடிப்போகும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மழைச்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, தொப்பி, கெட்டியான காலணி அவசியம். ரப்பர் செருப்பில் நடந்து கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்திருப்பவரை எல்லாப் பாதையிலும் பார்க்கிறேன். மின்னல் வந்தால் முகட்டிலிருந்து இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள், குழுவாக நெருங்கி நிற்காதீர்கள். பாதையில் வெயில் காயும் பஃப் ஆடர் பாம்பு காலடிச் சத்தத்துக்கு விலகாது, அசையாமல் கிடக்கும். கால் வைக்கும் இடத்தைப் பார்த்தே வையுங்கள். அவசரத்துக்கு கைபேசியில் 112. ஆனால் பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது, அதனால்தான் பதிவேடு.

இன்னொன்று ஜயன்ட்ஸ் காஸில். பெரிய ஈலண்ட் மான்களைக் காக்க 1903-ல் தொடங்கியது. அங்கே மெயின் கேவ்ஸ் என்னும் பாறை ஒதுக்கில் சான் மக்கள் வரைந்த நூற்றுக்கணக்கான ஓவியங்கள் இருக்கின்றன. முகாமிலிருந்து எளிதான நடை. வாயிலில் வழிகாட்டி வந்து அழைத்துப் போவார், அவர் வரும் நேரத்தை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஈலண்டின் கழுத்து மடிப்பு, திரும்பிய தலை, குளம்பின் பிளவு எல்லாம் கையளவு படத்தில் துல்லியமாக வரும். பக்கத்தில் விலங்குத் தலையோடு மனித உடல்கள் நிற்கும். வழிகாட்டி சொல்லும்வரை அவற்றை வெறும் வேட்டைப் படமாகவே நினைத்திருப்போம். தொடாதீர்கள், விரல் எண்ணெயே நிறத்தைக் கெடுக்கும். படத்தில் நிறம் பளிச்சென்று வருவதற்காக முன்பு பலர் தண்ணீர் தெளித்து எத்தனையோ ஓவியங்களை அழித்தார்கள். அந்தக் கலைஞர்களின் மக்களை இந்த மலையிலிருந்து வேட்டையாடி விரட்டினார்கள். அவர்கள் விட்டுப்போனதையாவது நாம் காக்கவேண்டும்.

இசிமங்கலிசோ: நீரும் கடலும்

1999-ல் தென்னாப்பிரிக்காவின் முதல் உலகப் பாரம்பரிய இடங்களில் ஒன்றானது. இப்போதைய பெயர் 2007-ல் வந்தது. செயின்ட் லூசியா ஊரில் தங்கி இங்கிருந்தே எல்லாம் செய்யலாம். கழிமுகத்தில் இரண்டு மணி நேரப் படகுப் பயணம் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் ஒரே மாதிரி பிடிக்கும். நீர்யானைக் கூட்டத்தையும் முதலையையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். அந்த நீர்யானைகள் இரவில் ஊர்த் தெருவில் மேய வரும். அறையிலிருந்து கடைக்கு நூறு மீட்டர்தான் என்றாலும் இருட்டில் வண்டியில் போங்கள். நீர்யானைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள்.

அங்கிருந்து கேப் விடாலுக்கு வடக்கே 35 கிலோமீட்டர் போல, பூங்காவின் ஊடாகவே சாலை. காடு மூடிய பெரிய மணல்மேடுகள், அதைத் தாண்டினால் கடல். ஒரு நாளில் இத்தனை வண்டிகள்தான் என்று கணக்கு இருப்பதால் விடுமுறையில் விடியற்காலையிலேயே வாயிலில் நில்லுங்கள். மணலில் வண்டி ஓட்ட 2002 முதல் தடை. ஜூன் முதல் நவம்பர் வரை கரையிலிருந்தே ஹம்ப்பேக் திமிங்கலங்களைப் பார்க்கலாம். நவம்பர் தொடங்கி கோடையில் கடலாமைகள் முட்டையிட வரும். உரிமம் பெற்ற வழிகாட்டியோடு மட்டுமே இரவில் போகமுடியும். டார்ச்சும் ஃபிளாஷும் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும், அவர் சொல்கிறபடி நடங்கள். ஏரியிலும் கழிமுகத்திலும் கால்கூட நனைக்கவேண்டாம்: முதலை மட்டுமல்ல, கழிமுகத்தில் சுறாவும் வரும். மற்ற நன்னீர்க் குட்டைகளில் பில்ஹார்சியா என்னும் ஒட்டுண்ணி நோய் தொற்றும்.

பறவைப் பித்து உள்ளவர்கள் இதே பூங்காவின் உம்குசேவுக்குப் போங்கள். குமசிங்கா மறைவிடத்தில் குளிர்காலக் காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்தால், வண்டியில் நாளெல்லாம் சுற்றினாலும் கிடைக்காதது அங்கே தண்ணீர் குடிக்க வரும்.

எந்தப் பூங்காவிலும் ஊழியரைப் பார்த்தால் "சவுபோனா" என்று சுலு மொழியில் முதலில் நாமே வணக்கம் சொல்லவேண்டும். பிறகு கேட்டால், நேற்று மாலை எந்த வளைவில் என்ன நின்றது என்று அவர்களே சொல்வார்கள்.

திரும்பி வந்தபின்

புல்லில் நடந்த நாளின் இரவே உடம்பு முழுவதும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்: முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டை, குழந்தைகளின் காதுக்குப் பின்னால். இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். நெருப்பு, எண்ணெய் எதுவும் வேண்டாம். மாகாணத்தின் வடக்குப் பகுதியில் மலேரியா ஆபத்து உண்டு. உம்குசே, கோசி பே போன்ற இடங்களுக்குப் போகுமுன், முக்கியமாகக் கோடையிலும் கர்ப்பிணிகள், குழந்தைகள் உடன் வரும்போதும், மருத்துவரிடம் மாத்திரை பற்றிக் கேளுங்கள். மாலையில் முழுக்கைச் சட்டை, கொசு மருந்து, வலை. ஊர் திரும்பி ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, நடுவில் கறுத்த சிறு புண் எது வந்தாலும் ஃப்ளூ என்று பனடோல் போட்டுப் படுக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். எந்தப் பூங்காவுக்கு எந்தத் தேதியில் போனீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.